அளவு மாதிரி வண்டிக்கூடு: சிறுதேர் முதல் ஸ்டைரீன் பிக்கப் வரை

ஓர் உண்மையான வண்டியின் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்யப்படும் சிறிய வண்டி அளவு மாதிரி எனப்படும். கடையில் விற்கும் பெட்டியை வாங்கி, அதிலுள்ள வார்ப்புத் துண்டுகளை ஒட்டியும் இதைச் செய்யலாம். வெறும் பிளாஸ்டிக் தகட்டையும் பட்டையையும் வாங்கி, ஒவ்வொரு உறுப்பையும் தாமே அளந்து வெட்டியும் செய்யலாம். இரண்டாவது முறையை மாதிரி செய்வோர் ஸ்க்ராட்ச் பில்டிங் என்பர். இக்கட்டுரையில் அது 'வெறுந்தகட்டு வேலை' என்று குறிக்கப்படுகிறது. ஸ்டைரீன் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பாலிஸ்டைரீன் தகட்டில் பிக்கப் வண்டியின் கூட்டைக் கட்டுவது இவ்வேலையின் பெயர்பெற்ற வகைகளுள் ஒன்று. அதன் வரலாற்றையும், கொங்கு நாட்டில் பெரிய வண்டிகளுக்குப் பாடி கட்டும் தொழிலோடு அதற்குள்ள உறவையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பொம்மையும் அளவு மாதிரியும் ஒன்றல்ல. பொம்மைக்குச் சாயல் போதும். அளவு மாதிரிக்கு விகிதம் தவறக்கூடாது. 1:25 என்றால் உண்மை வண்டியில் 25 மி.மீ. உள்ள இடம் மாதிரியில் 1 மி.மீ. இருக்க வேண்டும். கதவுக்கு ஒரு விகிதம், சக்கரத்துக்கு வேறொரு விகிதம் என்றால் அது பொம்மை வரிசையில் சேர்ந்துவிடும்.

பழைய சிறுவண்டிகள்

சிந்துவெளி நாகரிகத்தின் அரப்பா, மொகஞ்சதாரோ, சன்குதாரோ ஆகிய இடங்களில் சுடுமண்ணால் செய்த சிறு வண்டிகளும் சக்கரங்களும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அக்காலத்தில் ஓடிய மர வண்டிகள் மக்கிப்போயின. மண் வண்டிகள் நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்து நின்றன. வண்டியின் சட்டம் எப்படி இருந்தது, பக்கத்துக் கம்புகள் எங்கே செருகப்பட்டன, சக்கரம் ஆரக்கால் உடையதா முழுவட்டமா என்னும் கேள்விகளுக்கு ஆய்வாளர்கள் இந்தச் சிறு மண் வண்டிகளைப் பார்த்தே விடை தேடினர். சிறு வண்டி பெரிய வண்டிக்குச் சாட்சியாக நின்றது இங்குதான் முதலில் தெளிவாகத் தெரிகிறது. இக்கட்டுரையின் பிற்பகுதியைப் படிக்கும்போது மாணவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

தமிழ் இலக்கியத்திலும் சிறுவண்டி உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படி செய்யப்பட்ட, ஏறிச் செல்ல இயலாத, உருட்டி விளையாடும் தேரைக் குறிப்பிடுகிறது. அவரே பாடிய பட்டினப்பாலையில் குதிரை பூட்டாமல் சிறுவர் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேர் வருகிறது. (நம் வீடுகளில் குழந்தை நடை பழகும் நடைவண்டிக்கும் மூன்று சக்கரமே என்பதைக் கவனிக்கவும்.) பிற்காலத்தில் சிறுதேர் உருட்டுதல் ஆண்பால் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவமாயிற்று. வடமொழியில் சூத்திரகர் எழுதிய மிருச்சகடிகம் என்னும் நாடகத்தின் பெயருக்கே மண் வண்டி என்றுதான் பொருள். பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் அதனை 'மண்ணியல் சிறுதேர்' எனத் தமிழாக்கினார். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பொன் வண்டியைப் பார்த்துத் தன் மண் வண்டி வேண்டாமென்று அழும் சிறுவன் அந்நாடகத்தில் வருகிறான். விலை உயர்ந்த பெட்டிக் கிட்டைக் கண்டு ஏங்கும் இன்றைய சிறுவனுக்கு அவன் தூரத்து உறவினன்.

பிக்கப் என்னும் வண்டி

பிக்கப் வண்டி முதலில் தொழிற்சாலையில் பிறக்கவில்லை, பட்டறையில் பிறந்தது. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1917இல் ஒரு டன் சுமக்கும் மாடல் டிடி என்னும் சேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வாங்கியவர்கள் தச்சரிடமோ கொல்லரிடமோ கொடுத்து, தங்களுக்கு வேண்டிய பெட்டியைப் பின்புறம் கட்டிக்கொண்டனர். இப்படிக் கட்டுவோர் பெருகியதைக் கண்ட ஃபோர்டு, 1925 ஏப்ரலில் மாடல் டி காரின் பின்னால் இரும்புப் பெட்டி பொருத்தித் தானே பிக்கப்பாக விற்கத் தொடங்கியது. அதன் விலை 281 டாலர். ஆஸ்திரேலியாவில் கதை வேறு விதமானது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லவும் ஒரே வண்டி வேண்டும் என்று ஓர் உழவர் வீட்டுப் பெண்மணி கேட்டெழுதியதாகவும், அதன்படி ஃபோர்டின் ஜீலாங் தொழிற்சாலையில் லூயிஸ் பாண்ட் என்னும் இளம் வடிவமைப்பாளர் 1934இல் வெளிவந்த 'யூட்' வண்டியை வரைந்ததாகவும் கூறுவர்.

இந்த வரிசையில் தமிழ்நாட்டுக்கும் இடம் உண்டு. இங்கே நெடுங்காலம் லாரியும் பேருந்தும் முழு வண்டியாக விற்கப்படவில்லை. எஞ்சினும் சக்கரமும் முன்முகப்பும் மட்டும் உள்ள சேஸ் தொழிற்சாலையிலிருந்து வரும். மேற்கூரை இல்லாத அந்தச் சேஸைத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு, வெயிலிலும் காற்றிலும் நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிவரும் ஓட்டுநர்களை நெடுஞ்சாலையில் பார்த்தவர்கள் பலர். வந்த சேஸுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் கரூரில் பேருந்துக்கும் நாமக்கல் வட்டாரத்தில் லாரிக்கும் பெயர்பெற்றன. முன்பு மரச்சட்டம் கோத்துத் தகரம் அடித்தனர். பின்பு இரும்பு ஆங்கிளும் அலுமினியத் தகடும் வந்தன. டிங்கர் தட்டி நிமிர்த்த, பட்டி பூசித் தேய்த்து, பெயின்டர் வண்ணம் தீட்டி எழுத்து எழுத, வண்டி ஒரு முகம் பெறும். ஒரே நிறுவனத்தின் சேஸ்கள் இரண்டு பட்டறைகளுக்குப் போனால் இரண்டு வேறு வண்டிகளாக வெளிவரும்.

கோயம்புத்தூரின் ஜி. டி. நாயுடுவை (1893–1974) இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. சூலூரை அடுத்த கலங்கல் ஊரில் பிறந்த அவர், 1920இல் பொள்ளாச்சி – பழனி வழியில் ஒரு பேருந்தோடு தொழில் தொடங்கி, பிறகு யு.எம்.எஸ். என்னும் பெரிய நிறுவனத்தை வளர்த்தார். 1952இல் ஏறக்குறைய 2000 ரூபாய் விலையில் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். அரசின் உரிமம் கிடைக்காததால் அது உற்பத்திக்கு வரவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டால் பேருந்துகளின் பின்புறம் உலை பொருத்தி, கரியிலிருந்து வாயு எடுத்து ஓட்டினர். 'கரி பஸ்' என்று முதியோர் சொல்வது அதைத்தான். ஊருக்கு ஊர் பட்டறைக்காரர் கைக்கு வந்தபடி பொருத்திய உலைகள் அவை. அவற்றுக்கு நீல அச்சு வரைபடம் ஏது? ஒரு கரி பஸ்ஸை இன்று 1:25 அளவில் செய்ய நினைப்பவர் முதலில் முட்டி நிற்கும் இடம் இதுதான்.

இன்று கொங்கு நாட்டில் பிக்கப் என்றதும் மக்கள் மனத்தில் வருவது மகிந்திரா பொலிரோ பிக்கப்பும் 'குட்டி யானை' எனப்படும் டாடா ஏஸும்தான். டாடா ஏஸ் 2005இல் வந்தது. ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த் 2011இல் வந்தது. நூலைப் பிடித்துப் பேசினால் ஏஸ் ஒரு சிற்றளவு லாரியே. ஆனால் சந்தைக்குச் சரக்கு கொண்டு போகும் எந்தச் சிறு வண்டியும் பேச்சு வழக்கில் பிக்கப்தான், ஆதலால் இங்கும் அப்படியே கொள்ளப்படுகிறது. அன்னூர், கோவை – சத்தியமங்கலம் சாலையும் அவிநாசி – மேட்டுப்பாளையம் சாலையும் வெட்டிக்கொள்ளும் ஊர். அந்த நாற்சந்தியில் அரை மணி நேரம் நின்றால் ஒரே குட்டி யானையின் பல வடிவங்களைக் காணலாம். வாழைத்தார் ஏற்றுவதற்குப் பக்கம் உயர்த்திய வண்டி, சோளத்தட்டு ஏற்றக் கம்பிக்கூடு வைத்த வண்டி, கறிக்கோழிக் கூண்டுகள் அடுக்கும் வண்டி, பாவு உருளைகளுக்குத் தாங்கி பற்றவைத்த வண்டி, தண்ணீர்த் தொட்டி வண்டி என ஒவ்வொன்றும் ஒரு பட்டறையின் கைவேலை.

பிளாஸ்டிக்குக்கு முன்னும் பின்னும்

வெறுந்தகட்டு வேலைக்கு முன்னோடி மரவேலைதான். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1930இல் ஃபிஷர் பாடி கிராஃப்ட்ஸ்மன்ஸ் கில்டு என்னும் போட்டியைத் தொடங்கியது. நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டியொன்றின் வரைபடம் சிறுவர்களுக்குத் தரப்பட்டது. அதன்படி மரம், உலோகம், துணி எல்லாவற்றையும் தாமே வேலைப்படுத்தி மாதிரி செய்து அனுப்ப வேண்டும். பின்னர் தாமே வடிவமைத்த காரை 1:12 அளவில் செய்யும் பிரிவும் சேர்ந்தது. வென்றவர்களுக்குக் கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை கிடைத்தது. 1968 வரை நடந்த இப்போட்டியிலிருந்து வந்த பலர் கார் நிறுவனங்களில் வடிவமைப்பாளர்களாயினர். ஒரு நிறுவனம் சிறுவர்களின் கைவேலையை இவ்வளவு காலம் பொருட்படுத்தியது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. நம்மூரில் கைவேலைப் பாடவேளையைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ எடுத்துக்கொள்வதுதான் வழக்கம்.

ஸ்டைரீனின் கதை 1839இல் தொடங்குகிறது. பெர்லின் மருந்தாளர் எட்வர்ட் சைமன் ஸ்டோராக்ஸ் என்னும் மரப்பிசினைக் காய்ச்சி வடித்து ஓர் எண்ணெயைப் பெற்றார். சில நாள்களில் அது கெட்டிப்பட்டுக் கூழ் போலானது. சிறு மூலக்கூறுகள் சங்கிலியாய்க் கோத்துக்கொள்வதே அதற்குக் காரணம் என்பதை 1920களில் எர்மான் ஸ்டாடிங்கர் விளக்கினார். அவருக்கு 1953இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 1930களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் பாலிஸ்டைரீன் வணிக முறையில் உற்பத்தியாயிற்று. இந்தியாவில் அதன் உற்பத்தி 1957இல் தொடங்கியது.

மாதிரி செய்வோருக்கு ஸ்டைரீன் பிடித்துப்போனதற்குக் காரணங்கள் எளியவை. கத்தியால் கீறி ஒடித்தால் நேராக ஒடியும். உப்புத்தாளில் தேய்த்தால் மழமழப்பாகும். கொதிநீரின் வெப்பத்தை ஒட்டி இளகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதை ஒட்டப் பசை வேண்டியதில்லை. கரைப்பான் ஒரு துளி போதும். இரு விளிம்புகளும் கரைந்து ஒன்றில் ஒன்று கலந்து, கரைப்பான் ஆவியானதும் ஒரே துண்டாகிவிடும். கொல்லன் இரும்பைப் பற்றவைப்பதற்கு நிகரானது இது. இரப்பர் கலந்து முறியாமல் வளையும்படி செய்த வகையே தகடாக விற்கப்படுவது.

இதற்கு முன் 1936இல் பிரிட்டனில் வந்த ஃப்ராக் பெங்குவின் விமானக் கிட்டுகள் செல்லுலோஸ் அசிட்டேட்டால் ஆனவை. அப்பொருள் நாளடைவில் முறுக்கிக்கொள்ளும். அமெரிக்கக் கார் விற்பனையாளர்கள் 1950களில் வாடிக்கையாளருக்குக் காட்டிய சிறு கார்கள் பலவும் இதே பொருளால் ஆனதால் இன்று நெளிந்து கிடக்கின்றன. பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1952இல் கோல்டன் ஹைண்ட் என்னும் கப்பலை ஸ்டைரீன் கிட்டாக, விலை மலிவாக, பையில் அடைத்து விற்றது. அமெரிக்காவின் ஏஎம்டி நிறுவனம் 1958இல் 1:25 அளவில் 'மூன்றில் ஒன்று' கிட்டுகளைக் கொண்டுவந்தது. ஒரே பெட்டியிலிருந்து கடைக்கு வந்தபடியும், பந்தய வண்டியாகவும், விருப்பப்படி மாற்றிய 'கஸ்டம்' வண்டியாகவும் செய்யலாம். கஸ்டம் என்ற சொல் சிறுவர்களின் மேசைக்கு வந்தது அப்போதுதான். பெட்டியில் உள்ள துண்டு போதாதபோது தகட்டை வெட்டிச் சேர்த்தனர். சேர்த்துச் சேர்த்துப் பழகியவர்கள் பெட்டியே இல்லாமல் கட்டத் துணிந்தனர். ஜப்பானில் மரவணிகத்தில் தொடங்கிய தாமியா நிறுவனம் 1960இல் பிளாஸ்டிக் கிட்டுக்கு வந்தது. ஆனால் இப்பெரிய நிறுவனங்கள் அச்சு வெட்டியது பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானிய வண்டிகளுக்கே. நாமக்கல் லாரியைச் செய்ய விரும்புபவருக்கு வெறுந்தகடுதான் வழி.

இந்தியச் சிறுவர்களின் பொருள்கள்

வெளிநாட்டுக் கிட்டு இங்கு எளிதில் கிடைத்ததில்லை. பிரிட்டனின் டிங்கி டாய்ஸ் கார்களின் அச்சுகள் சில கல்கத்தாவுக்கு விற்கப்பட்டு, அங்கே நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் வார்ப்புக் கார்கள் வெளிவந்தன. கிராமத்துச் சிறுவனுக்கு அதுவும் எட்டவில்லை. அவனுக்கு நுங்கு வண்டி இருந்தது. நுங்கு தின்ற பிறகு இரண்டு பனங்காய்க் கூந்தலையும் ஒரு குச்சியில் கோத்து, கவைக்கம்பால் தள்ளிக்கொண்டு ஓடுவான். தீப்பெட்டி லாரி இருந்தது. தேய்ந்த இரப்பர் செருப்பை வட்டமாக அறுத்தால் அருமையான சக்கரம் கிடைக்கும்.

கொங்கு நாட்டின் மேட்டு நிலத்தில் சோளத்தட்டு எங்கும் கிடைத்தது. தட்டின் மேல்தோலைப் பல்லால் உரித்தால் உள்ளே வெள்ளையாய், பஞ்சு போன்ற தண்டு இருக்கும். தண்டைத் துண்டு போட்டு, உரித்த தோலின் சிம்புகளையே ஆணியாகக் குத்தினால் ஏர், மாட்டு வண்டி, மூக்குக் கண்ணாடி எல்லாம் செய்யலாம். சட்டம், இணைப்பு, அச்சு என்னும் மூன்றும் அதில் உண்டு. ஸ்டைரீன் பட்டையில் சட்டம் கோப்பவர் செய்வதும் அதுவே. அந்தக் கை பழகியிருந்தால் இந்தக் கை தானே வரும் என்பது என் கருத்து.

இதே வகைப் பொருளைக் கலையாக உயர்த்தியவர்கள் தஞ்சாவூர்க்காரர்கள். குளங்களில் வளரும் நெட்டிச் செடியின் வெண்மையான தண்டைத் தகடாகவும் பட்டையாகவும் சீவி, பெரிய கோயிலின் மாதிரியைச் செய்கின்றனர். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. தகட்டைச் சீவுதல், விளிம்பு சேர்த்து ஒட்டுதல், சிறு உறுப்புகளை நூற்றுக்கணக்கில் ஒரே அளவாக வெட்டி அடுக்குதல் ஆகியவற்றைப் பார்த்தால் அது முழுமையான வெறுந்தகட்டு வேலை.

அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பேருந்து, லாரி ரசிகர்களான இளைஞர்கள் விளம்பரப் பலகைக்குப் பயன்படும் ஃபோம் தகட்டில் வண்டிகளைக் கட்டுகின்றனர். பெயர்ப்பலகை, வழித்தட எழுத்து, கண்ணாடியில் ஒட்டிய படம், உள்ளே எரியும் விளக்கு வரை அவர்கள் விடுவதில்லை. ஃபோம் தகடு மலிவு, ஆனால் தடிமன் அதிகம். கேபின் போன்ற மெல்லிய, வளைந்த பகுதிக்கு ஸ்டைரீனே ஏற்றது.

கூடு கட்டும் முறை

டாடா ஏஸை எடுத்துக்கொள்வோம். அதன் மொத்த நீளம் 3800 மி.மீ., அகலம் 1500 மி.மீ., முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை 2100 மி.மீ. சரக்குப் பெட்டியின் நீளம் 2200 மி.மீ., பக்கப்பலகை உயரம் 300 மி.மீ. 1:25 அளவில் இவை முறையே 152, 60, 84, 88, 12 மி.மீ. ஆகும். 25ஆல் வகுப்பதற்குப் பதில் நான்கால் பெருக்கி நூறால் வகுத்தால் மனக்கணக்காகவே வரும். விகித சமத்தை எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிட நல்ல பயிற்சிக் கணக்கு பாடநூலில் இல்லை. 1:24 அளவும் வழக்கில் உண்டு. ஓர் அடிக்கு அரை அங்குலம் என்னும் பழைய அளவிலிருந்து வந்தது அது. அடி, அங்குலம் பழகியவர்களுக்கு அது எளிது, மீட்டர் பழகிய நமக்கு 1:25.

முதலில் காகிதத்தில் பக்கத்தோற்றம், முன்தோற்றம், மேல்தோற்றம் மூன்றையும் 1:25 அளவில் வரைய வேண்டும். நேர் பக்கத்திலிருந்து, தொலைவில் நின்று எடுத்த நிழற்படம் துணைசெய்யும். அருகில் நின்று எடுத்தால் முன்பகுதி பெருத்துக் காட்டும். அளக்க முடியாத இடத்துக்குத் தெரிந்த அளவொன்றைப் படத்தில் வைத்துக் கணக்கிடலாம். ஏஸின் சக்கர விளிம்பு 12 அங்குலம் என்பது தெரிந்தால் அதை வைத்துக் கதவின் அகலத்தைக் கண்டுவிடலாம்.

தகட்டின் தடிமன்தான் பெரிய சிக்கல். உண்மை வண்டியின் தகரம் ஏறக்குறைய ஒரு மி.மீ. தடிமன். அதை 25ஆல் வகுத்தால் 0.04 மி.மீ. வரும். அவ்வளவு மெல்லிய ஸ்டைரீன் நிற்காது. 0.5 மி.மீ. தகட்டில் கட்டினால், பெரிதாக்கிப் பார்க்கும்போது அது 12.5 மி.மீ. தடித்த இரும்புப் பலகையாகத் தெரியும். எனவே கண்ணுக்குத் தெரியும் விளிம்புகளை மட்டும், அதாவது பக்கப்பலகையின் மேல்விளிம்பு, சக்கர வளைவின் ஓரம், சன்னல் ஓரம் ஆகியவற்றை, உட்புறமாகச் சரித்துச் சீவி மெலிதாக்குவர். பார்வைக்கு மெலிவு, உள்ளே வலிமை. தேர்ந்தவர் வேலையையும் புதியவர் வேலையையும் பிரித்துக் காட்டுவது இந்த ஒரு நுட்பம்தான் என்று துணிந்து சொல்லலாம்.

தகட்டை முழுதும் அறுக்கக்கூடாது. எஃகு அளவுகோலை வைத்து இரண்டு மூன்று முறை கீறி, மெல்ல வளைத்தால் கோட்டில் ஒடியும். கேபினின் தரை, பின்சுவர், பக்கங்கள் என்று பெட்டியாக நிறுத்தி, உள்ளே குறுக்குச் சட்டங்கள் கொடுக்க வேண்டும். கரைப்பானைத் தூரிகையால் விளிம்பில் தொட்டால் நுண்புழை ஈர்ப்பால் இடுக்கினுள் தானே ஓடிவிடும். முழுதும் மூடிய பெட்டியாக எதையும் ஒட்டக்கூடாது. உள்ளே அடைபட்ட ஆவி பல நாள்கள் கழித்துத் தகட்டை இளக்கி நெளியச் செய்யும். தெரியாத இடத்தில் ஒரு துளை போடுவது வழக்கம். ஒட்டப் பயன்படும் டைகுளோரோமீத்தேன், பியூட்டனோன் போன்ற கரைப்பான்களின் ஆவி உடலுக்குக் கேடு. திறந்த சன்னலருகே, பெரியவர் ஒருவர் உடனிருக்க, நெருப்பு இல்லாத இடத்தில் மட்டுமே மாணவர்கள் இவ்வேலையைச் செய்ய வேண்டும்.

கேபின் கூரை நாற்புறமும் மெல்ல வளைவது. தகட்டை வெட்டி ஒட்டி அதைப் பெற முடியாது. கூரையின் வடிவத்தை மரத்தில் செதுக்கி, சூட்டில் இளகிய தகட்டை அதன்மேல் இழுத்து அழுத்த வேண்டும். மர அச்சு, கூரையின் உண்மை அளவைவிடத் தகட்டின் தடிமன் அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும். கோயம்புத்தூர் ஃபவுண்டரிகளில் மோட்டார், பம்பு உறுப்புகளுக்கு மரப் பேட்டர்ன் செய்யும் தச்சருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகப் பழக்கம். உருகிய இரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால் அவர் பேட்டர்னைச் சற்றுப் பெரிதாகச் செய்வார். இதற்கென்றே அளவுகள் நீட்டப்பட்ட அளவுகோல் அத்தொழிலில் உண்டு.

இனிக் கம்பிக்கூடு. பட்டறையில் பயன்படும் ஓர் அங்குல ஆங்கிள் 1:25 அளவில் கிட்டத்தட்ட சரியாக 1 மி.மீ. எனவே 1 மி.மீ. பட்டை வாங்கினால் தூண்களுக்கு அப்படியே ஆகும். 'ட' வடிவம் வேண்டுவோர் இரண்டு மெல்லிய பட்டைகளை விளிம்பு சேர்த்து ஒட்டுவர். பெட்டியின் தரையில் ஓடும் வரிகளையும், பக்கப்பலகையில் அழுத்தி எடுத்த மடிப்புகளையும் மெல்லிய பட்டைகளால் காட்டலாம். பின்பலகையின் கீலுக்குக் கம்பி. முன்கண்ணாடிக்குக் குறுந்தகட்டின் ஒளிபுகும் உறை போதும், அதுவும் பாலிஸ்டைரீன்தான். இறக்குமதிப் பட்டைகள் விலை கூடியவை. முக்கோணக் குறியுள் 6 என்னும் எண் போட்ட பிளாஸ்டிக் பொருள் எதுவும் இதே இனம் என்பது தெரிந்தால் குப்பையிலிருந்தே பாதி வண்டி கட்டலாம். பிறகு பட்டி, உப்புத்தாள், பிரைமர், வண்ணம். பெரிய பட்டறையில் நடக்கும் அதே வரிசை, அதே பெயர்கள்.

அளந்து வைக்க வேண்டியவை

பட்டறையில் கட்டும் பாடிகள் குறைந்து வருகின்றன. தொழிற்சாலைகள் கேபினோடும் பெட்டியோடும் முழு வண்டியாகவே விற்கின்றன. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவான வண்டியின் அமைப்பை விருப்பப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. சாலைப் பாதுகாப்பை நினைத்தால் இதைத் தவறென்று சொல்ல முடியாது. ஏற்றிய கம்பிக்கூடு வளைவில் வண்டியைச் சாய்ப்பதும் உண்டு. ஆயினும் பல பத்தாண்டுகளாகக் கொங்குச் சாலைகளில் ஓடிய கைவேலை வடிவங்கள், மேசைமேல் ஒரு வரைபடம்கூட இல்லாமல் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. கட்டியவரின் கையில் அளவு இருந்தது, தாளில் இல்லை.

கோவை அவிநாசி சாலையில் 2015இல் திறக்கப்பட்ட ஜிடி கார் அருங்காட்சியகத்தில் பல நாட்டுப் பழைய கார்கள் காக்கப்பட்டுள்ளன. கோழி வண்டியையும் பாவு வண்டியையும் அவ்வாறு காக்க இடமும் பணமும் யாரிடம் உண்டு? 152 மி.மீ. நீளமுள்ள மாதிரிக்கு ஓர் அலமாரித் தட்டு போதும்.

மாதிரி செய்ய நினைக்கும் மாணவர், உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, நிறுத்தியிருக்கும் வண்டியை அளக்கலாம். அளவு நாடா, குறிப்பேடு, படம் எடுக்கக் கைப்பேசி ஆகியவை போதும். நிறுவனத்தின் அளவுகள் எப்படியும் கிடைத்துவிடும். கிடைக்காதவை பட்டறையின் அளவுகளே. தூணுக்கும் தூணுக்கும் உள்ள இடைவெளி, கம்பிக்கூட்டின் உயரம், ஆங்கிளா பைப்பா என்பது, பற்றவைப்பா திருகாணியா என்பது, கயிறு கட்டும் கொக்கிகள் எத்தனை, எந்தப் பக்கம், தார்ப்பாய்க்கு வளைந்த கம்பி உண்டா, பின்பலகையில் எழுதிய பெயரும் வண்ணமும், பாடி கட்டிய பட்டறை ஊர், கட்டிய ஆண்டு ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் அளவுகோல் ஒன்று தெரியும்படி வைப்பது நல்லது. பெயின்டர் தம் பெயரைப் பின்பலகையின் மூலையில் சிறிய எழுத்தில் எழுதும் வழக்கம் உண்டு, அதையும் விடாமல் குறித்துக்கொள்ளலாம்.